காட்டுவதற்கு ஒரு பிரஷ்

எவ்லினுக்கு மனிதர்களின் வாய் என்றால் ஆகாது.

தாதி வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மலம் அள்ளியிருக்கிறாள். சர்க்கரை வியாதியில் அழுகிய காலிலிருந்து புழு பொறுக்கியிருக்கிறாள். முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலியைக் கடைசி வாய்க்கென்று ஒதுக்கிவைத்து நிதானமாகச் சாப்பிடுவாள். வாய் மட்டும் வேறு. மலத்துக்காவது வெளியே போகிறோம் என்கிற நாணயம் இருக்கிறது, வாய்க்குள் கிடப்பதோ போகாமல் உட்கார்ந்து ஊறுகிறது என்பாள். நோயாளி கொட்டாவி விட்டால் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போகிறவள்போல் நகர்ந்துவிடுவாள்.

அவள் வேலை பார்த்த பராமரிப்பு இல்லம் ஜாலான் மெக்கலிஸ்டர் சாலைக்குப் பின்புறச் சந்தில், ஒரு பழைய பங்களாவில் இருந்தது. படுத்த படுக்கையான முதியவர்கள்தான் பெரும்பாலும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாயால் சாப்பிடுகிறவர்களுக்குக் காலையில் பல் துலக்கிவிடுவார்கள், அதுவும் ஆள் இருந்தால். மூக்குக் குழாய் வழியாகப் பால் போகிறவர்களுக்கு, ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றி எடுப்பதோடு சரி. சாப்பிடாத வாய் எப்படி அழுக்காகும், சமைக்காத அடுப்பை யாராவது தேய்ப்பார்களா என்று கேட்பான் சதாம். உதவியாளாக இருந்த தமிழ் முஸ்லிம் இளைஞன், வாயாடி. அவன் வேடிக்கையாகக் கேட்டதைத்தான் மற்றவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். எவ்லினும் நம்பினாள். அவளுக்கு அது வசதியான நம்பிக்கை.

சுப்பையா அங்கே வந்து சேர்ந்தபோது மூக்கில் குழாயோடுதான் வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டு போய்விட்டது. நுரையீரலில் கிருமி ஏறி ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்து மீண்டவர். மகள் சாந்தினி மட்டும்தான் துணை. பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு, பக்கத்திலேயே மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தால் விழுங்கும் சோதனை செய்து பார்க்கலாம். அதில் தேறினால் குழாயை எடுத்துவிடலாம், வாயால் சாப்பிடலாம், வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். மறுபடி சளி கட்டினால் சோதனையை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொரு நிமோனியாவை அந்த உடம்பு தாங்குமா என்பதே சந்தேகம். அதனால் சாந்தினி இல்லத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது ஒரே கேள்விதான்: "அப்பாக்கு நெஞ்சு எப்படிக்கா இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று எவ்லின் சொல்வாள். சொல்லும்போது அவர் தொண்டையில் களகளவென்று ஏதோ உருண்டுகொண்டிருக்கும்.

அந்த நாள்களில்தான் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் தாதியருக்கு ஒரு பயிலரங்கு நடந்தது. இல்லத்திலிருந்து ஒருவர் போயாக வேண்டும். வேலையிலிருந்து ஒரு நாள் விடுதலை, மதியம் பிரியாணி என்று கேள்விப்பட்டு எவ்லின் போனாள். பேச வந்த இளம் விரிவுரையாளர் எடுத்த எடுப்பிலேயே திரையில் ஒரு வாயின் படத்தைப் போட்டார். எவ்லின் குனிந்துகொண்டாள். காதைத்தான் மூட முடியவில்லை.

துலக்காத பல்லில் கிருமி படலமாகப் படிகிறது, படுத்தே கிடப்பவர்களுக்கு அது எச்சிலோடு சேர்ந்து மூச்சுக்குழலில் இறங்குகிறது என்றார் அவர். முதியோர் இல்லங்களில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், தினமும் பிரஷால் துலக்கிவிட்டவர்களுக்கு நிமோனியா குறைந்திருக்கிறது. பஞ்சு அந்தப் படலத்தை அசைப்பதுகூட இல்லை. மூக்குக் குழாய்க்காரர்களின் வாய்தான் எல்லாவற்றிலும் மோசம். மெல்லாத வாயில் எச்சில் ஊறாது, நாக்கு புரளாது, எதுவும் கழுவிக்கொண்டு போகாது.

திரும்பி வரும்போது ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமைக்காத அடுப்பில்தானே கரப்பான் குடியேறும் என்று தோன்றியது. தோன்றியதும் வயிற்றைப் புரட்டியது. கடல் அன்றைக்கு அமைதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சுப்பையாவின் தலைமாட்டை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, விளக்கை அடித்து வாயைத் திறந்து பார்த்தாள். மேலண்ணம் முழுக்கப் பழுப்பாக ஒரு தோல் ஒட்டியிருந்தது. சளி காய்ந்து, அதன்மேல் சளி காய்ந்து, அடுக்கடுக்காக, கருகிய ஆப்பத்தின் விளிம்பு மாதிரி. பல்லெல்லாம் சாம்பல் மாவு. நாக்கில் பிளவு. மீன் கழுவிய தட்டை வெயிலில் போட்டு மறந்ததுபோல் ஒரு நாற்றம் எழுந்து அவள் முகத்தில் அப்பியது. ஈரத்துணியால் ஊறவைத்து மெல்ல உரித்தாள். அது கையோடு முழுசாக வந்தது. அதன் அடியில் இளஞ்சிவப்பாக, பச்சைப்பிள்ளை உள்ளங்கை மாதிரி சதை.

எவ்லின் அதைத் தட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்தாள். திரும்பி வந்தாள்.

குழந்தைகளுக்கான சின்ன பிரஷ் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கிவந்தாள். மஞ்சள் நிறம், பிடியில் வாத்துப் படம். காலையும் மாலையும் பயறளவு பேஸ்ட் வைத்துத் துலக்குவாள். சதாம் பக்கத்தில் நின்று சளி உறிஞ்சும் குழாயைப் பிடிப்பான். மாஸ்க்கின் உள்ளே மூக்குக்குக் கீழே தைலம் தேய்த்துக்கொள்வாள். அப்படியும் குமட்டும். சுப்பையா கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னக்கா, அங்கிளுக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றான் சதாம். "இந்தப் பளபளப்புக்கு ரெண்டு பொண்ணு கிடைக்கும்லா."

சில வாரங்களில் தொண்டைச் சத்தம் குறைந்தது. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். சாந்தினி எவ்லினுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிவந்து தந்தாள்.

இங்கேதான் பிரையன் உள்ளே வருகிறார். இல்லத்து நிர்வாகி. சுத்தமான சட்டை, மென்மையான குரல், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். எவ்லினுக்கு அவரை மாதா கோயிலிலும் தெரியும். பராமரிப்பு இல்லங்களுக்கு மாநில அளவில் புத்தாக்கப் போட்டி வைத்திருந்தார்கள். எதைக் கொண்டுபோவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் எவ்லின் துலக்குவதைப் பார்த்தார். ஏன், எதற்கு என்று விசாரித்தார். ஆராய்ச்சி, வெளிநாடு, நிமோனியா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும்?

எவ்லினுக்கும் மகிழ்ச்சிதான். ஒருத்திக்கு மட்டும் துலக்கத் தெரிந்து என்ன பயன், எல்லாருக்கும் நடந்தால் நல்லதுதானே. ஒரே வாரத்தில் இல்லம் மாறிப்போனது. 'புன்னகைத் திட்டம்' என்று பலகை வந்தது. ஊழியர்களுக்கு நீலச் சட்டை வந்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் கண்ணாடிப் பை ஒன்று தொங்கியது. அதற்குள் புது பிரஷ், பேஸ்ட், குவளை, நோயாளியின் பெயர் அச்சிட்ட அட்டை. மூக்குக் குழாய்க்காரர்களுக்கு அட்டையில் சிவப்பு நட்சத்திரம். அவள் கேட்டது எல்லாமே இருந்தது.

மறுநாள் சுப்பையாவின் பையை அவள் பிரிக்கப்போனபோது பிரையன் வந்து கையை நீட்டித் தடுத்தார். இப்போது யாரும் பிரிக்க வேண்டாம், பிரித்தால் பேஸ்ட் கறை, தண்ணீர்க் கறை என்றார்.

"துலக்கத்தானே சார் பிரஷு?"

"துலக்கலாம், யாரு வேணாம்னா? ஜட்ஜுங்க வந்துட்டுப் போகட்டும் எவ்லின். அதுவரைக்கும் பழையபடி பஞ்சு வச்சே பண்ணுங்க."

அந்த வாத்து பிரஷ் கட்டிலோரத்து அலமாரியில் இருந்தது. முடி வளைந்து, அடியில் வெள்ளை பூத்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பிரையன் அதை டிஷ்யூ காகிதத்தால் இரண்டு விரலில் தூக்கிக் குப்பையில் போட்டார். பிறகு கையில் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டார்.

எவ்லின் பாசாருக்குப் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம். பிரஷ் என்ன, கிடைக்காத சாமானா? வாங்கவில்லை. மேலிடத்து உத்தரவு என்று சதாமிடம் சொன்னாள். மறுநாள் காலை அந்த வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது தோளிலிருந்து மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சை நனைத்தாள், ஒற்றினாள், எறிந்தாள். காலைப் பசியாறல் வயிற்றில் தங்கியது.

நடுவர்கள் சொன்ன தேதிக்கு வரவில்லை. தள்ளிப்போட்டார்கள், மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். அவர்கள் வந்த நாளில் சுப்பையாவின் தொண்டை பழையபடி உருள ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்படி இருக்க வேண்டாம் என்று அவரைக் கட்டிலோடு தள்ளிப் பின்னறையில் விட்டார்கள். செயல்விளக்கத்துக்கு ஒரு நோயாளி வேண்டுமே? சதாமைப் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, மூக்கில் குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். எவ்லின்தான் செய்துகாட்ட வேண்டும். நீலச் சட்டை கைக்குழியில் பிடித்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பிரையன் கணீரென்று விளக்கினார். பூசையில் வாசகம் வாசிக்கிற அதே குரல். எவ்லின் சதாமின் வாயைத் திறந்தாள். முதல் நாள் பெத்தாய்க் கொட்டைச் சம்பல் சாப்பிட்டிருக்கிறான். அந்த நாற்றத்தைப் பேஸ்ட்டால் அசைக்க முடியவில்லை. நல்ல உறுதியான பல்லும் ஈறும். நோயில்லாத அந்த வாயை அவள் வரிசை பிசகாமல் துலக்கினாள்.

"மெதுவாக்கா," என்று சதாம் உதடு அசையாமல் முணுமுணுத்தான், "நாளைக்கும் இந்தப் பல்லு எனக்கு வேணும்."

நடுவர்களில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டினார்கள். பின்னறையிலிருந்து இருமல் ஒன்று வந்தது, பிரையன் கொஞ்சம் சத்தமாகப் பேசினார். முதல் பரிசு. பச்சை நிறத்தில் பாண்டான் கேக் வெட்டினார்கள். எவ்லினுக்குப் பெரிய துண்டு. வாயில் வைத்தவள் அதை விழுங்க முடியாமல் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள். அன்று அவளுக்கு எல்லாருடைய வாயும் ஒரேயடியாகத் தெரிந்தது. சிரிக்கிற வாய், கேக் அப்பிய வாய், நன்றி சொல்கிற வாய்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பிரையனிடம் போய், இனிமேல் பிரிக்கலாமல்லவா என்று கேட்டாள்.

"ஐயோ, இப்பதான் கவனமா இருக்கணும். அடுத்தது கோலாலம்பூர். அங்கேருந்து ஆளு எப்ப வேணும்னாலும் வந்து பாப்பாங்க. படத்துல இருந்த மாதிரியே இருக்கணும்லா."

"எதுவரைக்கும் சார்?"

"முடியறவரைக்கும்."

அந்த வாரமே சுப்பையாவுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. உதடு நீலம் பாய்ந்தது. அம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனபோது தலைமாட்டில் பெயர் எழுதிய பை அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிரஷின் முடிமேல் தொழிற்சாலையில் போட்ட மூடிகூடக் கழற்றவில்லை.

வேலை முடிந்ததும் எவ்லின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாந்தினி ஷிப்டிலிருந்து நேராக வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலைத் தொப்பியின் தழும்பு நெற்றியில் அழுந்திக்கிடந்தது. அப்பா போன மாதம்வரை நன்றாகத்தானே இருந்தார், சோதனைக்குத் தேதிகூட வந்துவிட்டதே, என்ன ஆனது என்று கேட்டாள்.

வயசானால் அப்படித்தான்மா. இந்தப் பதிலைத் தாதிகள் எல்லாரும் கைவசம் வைத்திருப்பார்கள். எவ்லினும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போதும் அது நாக்கில் வந்து நின்றது. அதன் நாற்றம் அவளுக்கே அடித்தது.

"வாய் கழுவலம்மா," என்றாள். "நான் கழுவிட்டுதான் இருந்தேன். அப்புறம் நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"போட்டிக்கு பிரஷைப் புதுசா வைக்கணும்னாங்க."

சாந்தினிக்குப் புரியவில்லை. "அப்பாக்கு பிரஷு இல்லியா?"

"இருந்துச்சு. தலமாட்டுலதான் தொங்குச்சு."

அதனால்தான் காய்ச்சல் வந்தது என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார், தன்னாலும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் துலக்கியிருந்தால் வராமலே இருந்திருக்கலாம் என்று எவ்லின் சொல்லி முடித்தாள். சாந்தினி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொன்னாங்க, சரி. நீங்க தினம் அந்தக் கட்டில் பக்கத்துலதானேக்கா நின்னீங்க?"

சொல்லிவிட்டு எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். வாய் நாறுகிறவர்களிடமிருந்து எவ்லின் எப்படி நகர்வாளோ, அதே மாதிரி.

மறுநாள் காலை எவ்லின் இல்லத்துக்குள் நுழைந்ததும் தன் தோள்பையைக் கழற்றி மாட்டக்கூட இல்லை. முதல் கட்டிலின் கண்ணாடிப் பையைக் கிழித்தாள். அட்டை, குவளை, நட்சத்திரம் எல்லாம் தரையில் விழுந்தன. சதாம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சளி உறிஞ்சும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "கேட்டா நீங்கதான் சொன்னீங்கனு சொல்லுவேன்க்கா," என்றான். சொல்லிக்கொள் என்றாள். ஒவ்வொரு கட்டிலாகப் போனார்கள். ஒரு பாட்டியின் கன்னத்துக்குள் எப்போதோ ஊட்டிய மாத்திரை புண்ணாகப் புதைந்து கிடந்தது. ஒரு சீனக் கிழவர் நாக்கில் பச்சையாகப் பூசணம். ஒருவர் கடித்தார், ஒருவர் அழுதார், ஒருவர் நிறுத்தவேவிடாமல் வாயைத் திறந்தபடியே இருந்தார். எவ்லின் இடையில் இரண்டு தடவை ஓடிப்போய்க் குமட்டிவிட்டு வந்தாள். மதியம் ஆனபோது தலைமாடுகளில் நூல்தான் தொங்கியது.

பிரையன் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே எவ்லின், நாம் எல்லாரும் ஒரே குடும்பம்தானே என்றார். கோலாலம்பூர் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார். சுப்பையாவுக்குக் காய்ச்சல் வந்ததையோ சாந்தினியையோ அவர் பேச்சில் எடுக்கவே இல்லை. சில நாளில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. அதே கண்ணாடிப் பை, அதே அட்டை, அதே பிரஷ். காட்டுவதற்கு ஒன்று தலைமாட்டில் தொங்கியது. துலக்குகிற பிரஷை யார் கண்ணிலும் படாமல் குளியலறை அலமாரிக்குள் வைக்கச் சொன்னார். துலக்க வேண்டாம் என்று அதன்பிறகு அவர் சொல்லவில்லை. அவருக்கு அதுவும் ஒரு புத்தாக்கம்தான்.

எவ்லின் வேலையை விடவில்லை. விட்டால் அந்த அலமாரியை யார் திறப்பது? நீலச் சட்டையை வீட்டில் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். நன்றாகத் தண்ணீர் உறிஞ்சியது.

சுப்பையா பிழைத்துக்கொண்டார். இல்லத்துக்குத் திரும்பவில்லை. சாந்தினி இரவு ஷிப்டை விட்டுப் பகலுக்கு மாற்றி வாங்கி, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் சித்தி ஹாஜராவைத் துணைக்கு வைத்து, குழாயோடே அவரைப் பாயான் பாருவுக்குக் கூட்டிப்போய்விட்டாள். எவ்லினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று போன் வந்தது.

"குழாயில பால் ஊத்தப் பழகிட்டேன்க்கா. பேம்பர்ஸ் மாத்திடுறேன். வாய்தான்..." சாந்தினியின் குரல் நின்று நின்று வந்தது. "வாந்தி வருது. எங்கப்பா வாயிக்கா அது. எனக்கு ஏன் இப்படி வருது?"

"எனக்கும் வரும்."

"இன்னுமா?"

"இன்னும்தான். போய் எடுத்துட்டு வந்து மறுபடி துலக்கு. நான் பஸ் ஏறி வரேன்."

அன்றிலிருந்து விடுப்பு நாளெல்லாம் அங்கேதான். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, பிரஷை எவ்வளவு உள்ளே விடுவது, அவர் கடிக்கப்போகிறார் என்பதைத் தாடையில் எப்படித் தெரிந்துகொள்வது என்று காட்டிக்கொடுத்தாள். சாந்தினி அவளை மன்னித்ததாகச் சொல்லவில்லை. எவ்லினும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் கழுவுதொட்டிக்கு ஓடினார்கள், சித்தி ஹாஜரா வாசலில் நின்று மூக்கை முக்காட்டால் பொத்திக்கொண்டு சிரித்தாள். மழைக்காலம் முழுக்க நெஞ்சு சுத்தமாக இருந்தது. சோதனைக்கு மறுபடி தேதி கொடுத்தார்கள்.

முழுத் தேர்ச்சி என்று சொல்ல முடியாது. தண்ணீராக எது கொடுத்தாலும் புரையேறியது. கெட்டியாக இருந்தால் விழுங்குகிறார். மாவு கலந்து கெட்டியாக்கித்தான் எதையும் குடிக்கலாம் என்ற நிபந்தனையோடு குழாயை உருவி எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன வேண்டும் என்று சாந்தினி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாலில்லாத கோப்பி-ஓ என்றதற்குக் கண்ணை மூடித் திறந்தார். சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கலக்கி, மாவைத் தூவி அடித்தாள். கறுப்பாக, வழவழவென்று, கரண்டியிலிருந்து விழ மனமில்லாமல் தொங்கியது. எவ்லின் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்திப் பிடித்து, முதல் கரண்டியை உள்ளே விட்டாள். சுப்பையா அதை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எவ்லினின் சட்டைக்கையில் துப்பினார்.

"சீ," என்றார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து ஒழுங்காக வந்த முதல் சொல் அது. "சளி."

சாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்லின் இன்னொரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எப்படியோ விழுங்கிவிட்டு, கரண்டியைக் கழுவிவந்து மறுபடி கோப்பியில் முக்கி அவரிடம் நீட்டினாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.